போத்தலின் தொப்புளைப் பாருங்கள்: பழைய கண்ணாடியின் வயதை அறிவது எப்படி

எங்கள் அம்மம்மா வேப்பெண்ணெய் ஊற்றி வைத்திருந்த போத்தல் சதுரமானது. தோள் அகன்று, கீழே போகப்போக ஒடுங்கி, கரும்பச்சையாகச் சமையலறை மூலையில் நின்றுகொண்டிருக்கும். யார் கேட்டாலும் “அது ஒல்லாந்தர் போத்தல்” என்பார். எவ்வளவு பழையது என்று கேட்டால், “கோட்டை கட்டிய காலத்தது” என்பார். திருகோணமலைக் கோட்டையை 1624இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் 1639இல் அதைப் பிடித்தவர்கள் மட்டுமே என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னது அம்மம்மாவிடம் எடுபடவில்லை.

திருகோணமலையில் இது பொதுவான பழக்கம். ஒல்லாந்தர் குடாவில் குளிக்கப் போனவரின் காலில் தட்டுப்பட்ட போத்தல், துறைமுகத்தில் சுழியோடியவர் கொண்டுவந்த போத்தல், அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டியில் மோதிய போத்தல், எல்லாமே இங்கு ஒல்லாந்தர் போத்தல்தான். வயதைக் கணிக்க ஒரு வாய்பாடும் உண்டு: அழுக்கு ஏறியிருந்தால் நூறு வயது, கண்ணாடிக்குள் குமிழி இருந்தால் இருநூறு, உடம்பு கோணியிருந்தால் முந்நூறு. இதே வாய்பாட்டை நூதனசாலை அலுமாரிக்கு முன்னால் நின்று தங்கள் பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கும் பெற்றோரையும் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர்ச்சீட்டில் “கண்ணாடிப் போத்தல், 18ஆம் நூற்றாண்டு” என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த நூற்றாண்டை எங்கிருந்து பிடித்தார்கள் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

பிடித்தது போத்தலின் தழும்புகளிலிருந்து. அழுக்கும் நிறமும் கோணலும் எந்தக் காலத்திலும் வரக்கூடியவை. ஆனால் ஒரு போத்தலைச் செய்த முறை அதன் அடியிலும் பக்கத்திலும் வாயிலும் காயம் போட்டுவிட்டுத்தான் போகிறது. முறைகள் மாறிய ஆண்டுகள் நமக்குத் தெரியும். ஆகவே தழும்பைப் படித்தால் வயது வரும்.

கற்கண்டும் இனிப்பும்

தழும்புக்குப் போகுமுன் கண்ணாடி என்னும் பொருளைச் சற்றுப் பார்க்க வேண்டும். சீனிப்பாகை நாட்கணக்கில் அசையாமல் விட்டால் கற்கண்டு கிடைக்கிறது. அதில் சீனியின் துகள்கள் ஒழுங்காக, படையினர் வரிசைபோல் அடுக்கியிருக்கும். அதே சீனியை நன்றாகக் காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால், பெட்டிக்கடைப் போத்தலில் இருக்கிறதே, ஒளி ஊடுருவும் கடின இனிப்பு, அது கிடைக்கிறது. துகள்களுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டன. கண்ணாடி இந்த இரண்டாவது வகை. அறிவியலில் இதற்குப் பளிங்குருவற்ற திண்மம் என்று பெயர்: திண்மம்தான், ஆனால் உள்ளே வரிசை கிடையாது.

இனிப்புக்குச் சீனி எப்படியோ, கண்ணாடிக்கு மணல் அப்படி. அதிலும் சிலிக்கா என்னும் வெண்மணல். தனியாக அதை உருக்க ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பழைய காலத்து விறகுச் சூளைக்கு அது எட்டாத உயரம். எனவே சோடா, அதாவது சோடியம் காபனேற்று, சேர்த்தார்கள். மீன்பிடிக்கிற ஊரில் இதை விளக்குவது சுலபம். ஐஸ் கட்டியில் உப்பைப் போட்டால் அது உருகத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிவிடும் அல்லவா? மணலுக்குச் சோடா செய்வதும் அதே உதவிதான். ஆனால் சோடா மட்டும் சேர்த்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துபோகும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு. மணல், சோடா, சுண்ணாம்பு: அன்றைய போத்தலில் பெரும்பாலானவையும் இன்று கடையில் வாங்கும் ஜாம் போத்தலும் இந்த மூன்றின் கலவையே.

மணலில் இரும்பு கலந்திருந்தால் கண்ணாடி பச்சையாகும். நமது மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டையில் அள்ளுகிற கருமணல் இல்மனைட்டு. அது இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனிமம். அதை வைத்து நிறமற்ற கண்ணாடி செய்ய நினைப்பது கரியை அரைத்துப் பால் எடுக்க நினைப்பதுபோல. இலங்கையில் கண்ணாடிக்கு உகந்த வெண்மணல் மேற்குக் கரைப் பக்கம், நாத்தாண்டியா, மாரவிலப் பகுதிகளில் இருக்கிறது.

இங்கே ஒரு வதந்தியையும் முடித்துவிடுவோம். கண்ணாடி உண்மையில் ஒரு திரவம், மிக மெதுவாக வழிகிறது, அதனால்தான் பழைய போத்தலின் அடி தடித்திருக்கிறது என்பார்கள். அப்படி வழிவதாயிருந்தால் நூதனசாலைகளில் இருக்கும் 2,000 ஆண்டு பழைய உரோமக் குடுவைகள் இந்நேரம் தட்டையாகியிருக்க வேண்டும். அவை ஊதியவன் விட்ட அதே வடிவில் நிற்கின்றன. அடி தடித்திருப்பதற்குக் காரணம் வேறு. ஊதும்போது கண்ணாடி அங்குதான் திரள்கிறது.

இதுவரை பார்த்தது சுருக்கமாக இதுதான்: கண்ணாடி வரிசையின்றி உறைந்த மணல்; சோடா அதை உருக உதவுகிறது, சுண்ணாம்பு அதைக் கரையாமல் காக்கிறது, இரும்பு அதைப் பச்சையாக்குகிறது.

தொப்புள்

குழலால் ஊதிக் கண்ணாடிக் கலம் செய்யும் வித்தை கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டளவில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் பிறந்தது. அதன்பின் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்குப் போத்தல் என்றால் ஒரு மனிதனின் மூச்சு. அந்த வேலையை மனக்கண்ணில் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நீண்ட இரும்புக் குழலின் நுனியில் உருகிய கண்ணாடியைத் தேன் எடுப்பதுபோல் சுற்றி எடுக்கிறான். ஊதுகிறான்; குமிழ் பெருக்கிறது. உருட்டுகிறான், மறுபடி சூடாக்குகிறான், மறுபடி ஊதுகிறான். உடம்பு உருவாகிவிட்டது. ஆனால் போத்தலின் கழுத்து இன்னும் குழலோடு ஒட்டியிருக்கிறது. அங்கேதான் வாய் வர வேண்டும். கழுத்தைக் குழலிலிருந்து பிரித்தால் போத்தலைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. கையால் தொட முடியாத சூடு.

அதற்கு அவர்கள் கண்ட உபாயம், இன்னொரு இரும்புக் கோலின் நுனியில் சிறிது உருகிய கண்ணாடியைத் தொட்டு, போத்தலின் அடியில் ஒட்டிக்கொள்வது. இந்தக் கோலுக்குப் பொன்டில் என்று பெயர். இப்போது போத்தல் அடிப்பக்கம் பிடிபட்டிருக்கிறது. கழுத்தைக் குழலிலிருந்து உடைத்து, வாயைச் சூடாக்கிச் சீர்செய்யலாம். வேலை முடிந்ததும் கோலை ஒரு தட்டுத் தட்டினால் போத்தல் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் சொரசொரப்பான, கூர்மையான ஒரு வடு நிற்கும். குழந்தைக்குக் கொப்பூழ்க்கொடி அறுத்த இடத்தைப் போல. நூதனசாலைக்காரர் பொன்டில் தழும்பு என்பதை நான் எனக்குள் போத்தலின் தொப்புள் என்றே சொல்லிக்கொள்வேன்.

கோல் கழன்ற போத்தலை அப்படியே வெளியில் வைத்துவிடவும் முடியாது. தடித்த கிளாஸில் கொதிக்கும் தேநீரை ஊற்றி அது வெடித்துப்போன அனுபவம் எல்லாருக்கும் உண்டு. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர், நடுவில் இழுபறி. சூளையிலிருந்து வந்த போத்தலுக்கும் அதே ஆபத்து. ஆகையால் தணிந்த சூட்டு அறையில் வைத்து மணிக்கணக்கில் மெல்ல ஆறவிட்டார்கள்.

இனி, அடிக்குழி. பழைய வைன் போத்தல்களின் அடி உள்ளே குடைந்து மேலெழுந்திருக்கும். “குறைவாக ஊற்றி ஏமாற்றத்தான் இந்தக் குழி” என்று சாராயக் கடையிலும் தவறணையிலும் சட்ட நிபுணர்கள் தீர்ப்பளிப்பார்கள். கையால் ஊதிய போத்தலின் அடி தட்டையாக வருவது அரிது. கொஞ்சம் புடைத்திருந்தாலும் போத்தல் மேசையில் ஆடும். அடியை உள்ளே தள்ளிவிட்டால் விளிம்பு வட்டமாகத் தரையில் பதியும். கூர்மையான தொப்புளும் மேசையைக் கீறாமல் குழிக்குள் ஒளிந்துகொள்ளும். ஏமாற்றுவதற்கு வேறு நூறு வழி இருந்த காலத்தில், இதற்கு இவ்வளவு பாடுபடத் தேவை இருந்திருக்காது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 18இன் தொடக்கத்திலும் ஐரோப்பாவிலிருந்து வந்த வைன் போத்தல்கள் பலவும் குள்ளமாக, வயிறு பெருத்து, நீண்ட கழுத்தோடு வெங்காயம்போல் இருந்தன. வெங்காயப் போத்தல் என்றே பெயர். பிற்பாடு வைனைப் படுக்கவைத்துச் சேமிக்கும் வழக்கம் வந்தது. படுத்தால்தான் தக்கை நனைந்திருக்கும், நனைந்தால்தான் சுருங்காமல் அடைத்துக்கொள்ளும். வெங்காயத்தை அடுக்கிப் படுக்கவைக்க முடியுமா? போத்தல் மெல்ல மெல்ல ஒல்லியாகி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருளையாகிவிட்டது.

அச்சும் கோடும்

கடற்கரையில் பிள்ளைகள் வாளியில் ஈரமணலை அடைத்துக் கவிழ்ப்பதைப் பாருங்கள். வாளியின் வாய் அகன்றும் அடி ஒடுங்கியும் இருப்பதால்தான் மணற்கட்டி வழுக்கி வெளியே வருகிறது. அம்மம்மாவின் போத்தலைப் போன்ற வடிவம் முதலில் கீழே ஒடுங்கியதற்கும் இதுவே காரணம். சதுரக் குழிபோன்ற ஒற்றை அச்சுக்குள் கண்ணாடிக் குமிழை இறக்கி ஊதி, மேலே உருவி எடுப்பார்கள். சதுரம் எதற்கு என்றால், மரப்பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்குவதற்கு. கப்பலில் இடம் என்பது பணம். ஒல்லாந்தரின் ஜின் இந்தப் பெட்டிப் போத்தல்களில்தான் உலகம் சுற்றியது.

ஒற்றை அச்சு பக்கத்தில் கோடு எதையும் விடாது. கோடு விடுவது பல துண்டு அச்சு. பிளாஸ்டிக் பந்து ஒன்றை எடுத்துத் தடவினால் நடுவே ஒரு மெல்லிய வரம்பு தட்டுப்படும். இரண்டு பாதி அச்சுகள் சந்தித்த இடம் அது. புத்தகம்போல் திறந்து மூடும் இரண்டு துண்டு அச்சில் ஊதிய போத்தலின் இரு பக்கத்திலும் அதே வரம்பு ஏறும். இதைப் பொருத்துக் கோடு என்போம். 1821இல் பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ரிக்கெற்ஸ் மூன்று துண்டு அச்சுக்கு உரிமம் பெற்றார். அதில் உடம்பு ஒற்றை அச்சில், தோள் இரண்டு துண்டில். ஆகவே தோளைச் சுற்றி ஒரு கோடு ஓடும், அங்கிருந்து கழுத்தை நோக்கி இரண்டு ஏறும். போத்தல்கள் ஒரே அளவாக வரத் தொடங்கியது இத்தகைய அச்சுகளால்தான்.

பொருத்துக் கோட்டைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடமே ஒரு தவறான சூத்திரம் உலவுகிறது. கோடு எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு புதிய போத்தல், காய்ச்சல்மானியில் இரசம் ஏறுவதுபோல என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கோடு எங்கே நிற்கிறது என்பது ஆண்டைக் காட்டுவதில்லை. வாயைச் சீர்செய்த கருவி எவ்வளவு தூரம் துடைத்தது என்பதை மட்டும் காட்டுகிறது. கோடே இல்லாவிட்டால் அச்சே இல்லை என்று முடிவுகட்டுவதும் பிழை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல வைன் போத்தல்களை அச்சுக்குள் வைத்தே குயவன் சக்கரம்போல் சுழற்றினார்கள். கோடு அழிந்துவிடும், அதற்குப் பதிலாக உடம்பைச் சுற்றிக் கிடையான மெல்லிய கீறல்கள் இருக்கும்.

தொப்புளும் எல்லாக் காலத்துக்கும் உரியதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அடியில் ஒட்டாமல் போத்தலின் உடம்பைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி ஒன்று வந்தது. அதன்பின் பெரும்பாலான சாதாரணப் போத்தல்களில் தொப்புள் மறைந்தது. ஆகவே தொப்புளோடு வரும் சாதாரணப் போத்தல் அந்த இடுக்கிக்கு முந்தியதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அலங்காரக் கண்ணாடியை இன்றும் கையால் ஊதுபவர்கள் இதே கோலைப் பயன்படுத்துவதால், நேற்றுச் செய்த பூச்சாடியிலும் தொப்புள் இருக்கலாம் என்பதை மறந்துவிடக்கூடாது.

சுருக்கிச் சொன்னால்: அடியில் தொப்புள், பக்கத்தில் கோடு இல்லை என்றால் கைவேலை அல்லது ஒற்றை அச்சு; பக்கத்தில் கோடு, அடி மழமழப்பு என்றால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின். மீதிச் சான்றை வாயிடம் கேட்க வேண்டும்.

வாய் எப்போது பிறந்தது

கைவேலையில் வாய் கடைசியாகப் பிறக்கிறது. ஆங்கிலத் தொழிலாளர்கள் போத்தலின் வாய்க்கு ‘ஃபினிஷ்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்; அதுதான் முடிக்கும் வேலை. அறுத்த கழுத்தின் மேல் உருகிய கண்ணாடியை வளையமாகச் சுற்றி, இடுக்கிபோன்ற கருவியை உள்ளே விட்டுச் சுழற்றி உதட்டை அமைத்தார்கள். அந்தச் சுழற்சிதான் பொருத்துக் கோட்டைக் கழுத்தில் துடைத்துவிடுகிறது. சில போத்தல்களில் ஒட்டிய கண்ணாடி கழுத்தில் சற்று வழிந்தும் நிற்கும், குடத்தில் ஒழுகிய சாந்துபோல.

இயந்திரத்தில் இந்த ஒழுங்கு தலைகீழ். அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் ஓடவைத்த தானியங்கி இயந்திரம் உருகிய கண்ணாடியை உறிஞ்சி எடுத்து வாயை முதலில் அச்சில் வார்த்தது. உடம்பைப் பிறகு ஊதியது. வாயே அச்சில் பிறந்ததால் கோடு உதட்டின் மேலும் ஏறிக் கடக்கிறது. உங்கள் வீட்டுச் சோடாப் போத்தலின் உதட்டை நகத்தால் வருடிப் பாருங்கள், தட்டும். ஓவன்ஸ் இயந்திரம் அடியில் இன்னொரு முத்திரையும் இட்டது: உறிஞ்சிய கண்ணாடியைக் கத்தி வெட்டிய இடத்தில், நடுவிலிருந்து சற்று விலகிய, ஓரம் பிசிறான ஒரு வட்டம். இதைத் தொப்புள் என்று எண்ணி மகிழ்ந்தவர்கள் பலர்.

வாயை எப்படி அடைத்தார்கள் என்பதும் காலம் சொல்லும். சோடாவுக்குத் தக்கை அடைப்பது பெரிய தலைவலி; உள்ளே அடைத்த காபனீரொட்சைட்டு வாயு தக்கையைத் தள்ளிவிடும், தக்கை காய்ந்தால் வாயு கசிந்துவிடும். 1809இல் வில்லியம் ஹாமில்ற்றன் உரிமம் பெற்ற வழியில், அடி கூர்ந்த முட்டைபோன்ற போத்தல் வந்தது. அதை நிறுத்தவே முடியாது, படுக்கத்தான் வேண்டும், எனவே தக்கை எப்போதும் நனைந்திருக்கும். சோம்பேறிப் பணியாளனை நம்பாமல் போத்தலின் வடிவத்தையே கட்டளையாக்கிய இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிறகு 1870களின் தொடக்கத்தில் ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் தக்கையையே கைவிட்டார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு, உதட்டுக்குள் ஒரு இறப்பர் வளையம். தலைகீழாக வைத்து நிரப்பி நிமிர்த்தினால், வாயுவே குண்டை மேலே தள்ளி வளையத்தில் அழுத்தி அடைத்துக்கொள்ளும். தப்ப முயல்பவனையே காவலுக்கு நிறுத்திய கதை. நமது கோலிச் சோடா இதுதான். முழுதாகத் தப்பிய கோலிச் சோடாப் போத்தல்கள் குறைவாக இருப்பதற்குக் குண்டுக்காக உடைத்த சிறுவர்களின் பங்கும் உண்டு. அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு. 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்ரர் உரிமம் பெற்ற நெளிவிளிம்புத் தகர மூடி வந்தபின் மெல்ல மெல்ல எல்லாம் அதற்கு வழிவிட்டன.

இப்போது அம்மம்மாவின் போத்தலுக்கு வருகிறேன். அவர் காலமான பிறகு ஒரு நாள் எண்ணெயைக் கழுவிவிட்டு வெயிலில் பிடித்தேன். எதிரெதிர் மூலைகளில் மெல்லிய பொருத்துக் கோடு இருந்தது. இரண்டு துண்டு அச்சு. அடியில் தொப்புள் இல்லை, மழமழப்பான பள்ளம். கோடு கழுத்தில் மறைந்தது, உதடு கையால் ஒட்டிச் சுழற்றியது; ஆகவே இயந்திரத்துக்கு முந்தியது. மூன்றையும் சேர்த்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை 1795இல் எடுத்தபின் இரண்டு தலைமுறைக்கு மேல் கழிந்த காலம். ஜின் ஒல்லாந்திலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் அம்மம்மா சொன்னதில் பாதி சரி: அது ஒல்லாந்தர் போத்தல்தான், ஒல்லாந்தர் காலத்துப் போத்தல் அன்று.

நிறமும் குமிழியும்

வாய்பாட்டுக்காரர்களுக்குச் சில சொற்கள். “கறுப்புக் கண்ணாடி” என்று பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கும் போத்தல்கள் உண்மையில் கறுப்பு அல்ல. பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் கரும்பச்சையோ கடும் தேன்நிறமோ தெரியும். மணலிலிருந்த இரும்புதான் அதற்குக் காரணம். இங்கிலாந்தில் மரத்தைக் கப்பற்படைக்குக் காக்கவேண்டி 1615இல் கண்ணாடிச் சூளைகளில் விறகு எரிப்பதைத் தடுத்தார்கள். சூளைகள் நிலக்கரிக்கு மாறின. அந்தச் சூட்டில் தடித்த, வலிய, இருண்ட போத்தல்கள் பிறந்தன. கடும் நீலம் கோபாற்று சேர்த்ததால் வருவது. 19ஆம் நூற்றாண்டில் நஞ்சு மருந்துகளை அடிக்கடி இந்த நீலப் போத்தல்களில், பக்கமெல்லாம் வரம்பு வைத்து அடைத்தார்கள். இருட்டில் தடவியே ‘இது குடிக்கும் மருந்து இல்லை’ என்று விரல் எச்சரிக்கும்.

ஊதாப் போத்தல்களின் கதை விசித்திரமானது. இரும்பின் பச்சையைப் போக்க மங்கனீசு சேர்த்து நிறமற்ற கண்ணாடி செய்தார்கள். அப்படிப்பட்ட கண்ணாடி ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் சூரியனின் புற ஊதாக் கதிர் மங்கனீசை மாற்றி இளம் ஊதாவாக்கும். வெயிலில் கருத்தவர் என்று சொல்லலாம். செயற்கைக் கதிர்வீச்சால் சில நாட்களில் ஆழ்ந்த ஊதாவாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். நிறம் கண்ணைப் பறித்தால் பணப்பையை மூடிக்கொள்வது நல்லது.

குமிழி என்பது உருக்கிய கண்ணாடியிலிருந்து வாயு முழுதாக வெளியேறாததன் அடையாளம் மட்டுமே. சுற்றுலாப் பயணிகளுக்காக இன்றும் வேண்டுமென்றே குமிழி விட்டுச் செய்கிறார்கள். அதைவிட அடிவிளிம்பின் தேய்வை நம்பலாம். நூறு ஆண்டு மேசையில் இழுபட்ட போத்தலின் விளிம்பில் எல்லாத் திசையிலும் நுண்கீறல்கள் இருக்கும். உப்புத்தாளால் ஒரு மாலையில் தேய்த்ததில் அவை ஒரே திசையில் ஓடும்.

குடிக்கும் கலங்கள்

நூதனசாலை அலுமாரியின் மற்றத் தட்டில் இருக்கும் குவளைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றுக்கும் தொப்புள் விதி பொருந்தும். ஒல்லாந்தரின் றோமர் என்னும் பச்சைக் குவளையின் தண்டில் முள்நாறி (துரியன்) பழம்போல் கண்ணாடிப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். அழகுக்கு என்றுதான் நினைப்போம். கையால் இறைச்சி தின்ற காலம் அது. நெய் வழியும் விரலில் குவளை வழுக்காமல் இருக்கவும் அவை உதவின. 1674இல் இலண்டனில் ஜோர்ஜ் றேவன்ஸ்குறொவ்ற் புதுக் கண்ணாடி ஒன்றுக்கு உரிமம் பெற்றார். அதில் ஈய ஒட்சைட்டு சேர்ந்ததும் கண்ணாடி கனத்து, மினுங்கி, சுண்டினால் மணிபோல் ஒலித்தது. 1745இல் பிரித்தானிய அரசு கண்ணாடியை நிறுத்து வரி போட்டது. உடனே குவளைகள் மெலிந்தன. வரி 1845இல் நீங்கியது. தம்ளர் என்று நாம் சொல்வதுகூட ஆங்கிலத்தில் ‘உருண்டு விழுவது’. முதலில் அதன் அடி வளைந்திருந்தது, குடித்து முடிக்காமல் கீழே வைக்க முடியாது. குடுவை என்னும் தட்டையான சிறு கலம் இடுப்பிலோ சட்டைப்பையிலோ செருகுவதற்கு. தட்டைக்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

கடலில் கிடந்த போத்தல்

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் துறைமுகப் பக்கம் சுழியோடிவிட்டு ஈரத் துவாயில் சுற்றி ஒரு போத்தலைக் கொண்டுவந்தான். தோள் வரை வானவில்போல் நிறம் மின்னியது. “மாமா, இதைத் தேய்த்தால் பளபளக்கும் இல்லையா?” என்று மணலும் தேங்காய்த் தும்பும் கேட்டான். நல்லவேளை, என்னிடம் கேட்டான்.

அந்த வானவில் என்பது அழுக்கு அல்ல, கண்ணாடியின் தோல். நீண்ட காலம் நீரிலோ ஈரமண்ணிலோ கிடக்கும் கண்ணாடியிலிருந்து நீர் சோடியத்தை மெல்ல உறிஞ்சி எடுத்துவிடுகிறது. மிஞ்சிய சிலிக்கா வெங்காயச் சருகுபோல் மெல்லிய ஏடுகளாக நிற்கும். ஒவ்வொரு ஏட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்கள் கூடுகின்றன, சில மறைகின்றன. மீன்பிடித் துறையில் தண்ணீரின் மேல் டீசல் படர்ந்து நிறம் காட்டுவதும் இதே வித்தை. தேய்த்தால் அழுக்குப் போகாது. போத்தலின் மேற்பரப்பே போய்விடும்.

உலரவிடுவதும் ஆபத்துத்தான். ஏடுகளுக்கிடையே கடல்நீர் நிற்கிறது. நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில் நீர் வற்றும்போது உப்பு பூத்து மண்ணைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். போத்தல் வெயிலில் காய்ந்தால் உப்பு உள்ளே பூத்துத் தோலைச் செதில் செதிலாக உரித்துவிடும். ஆகவே கடலிலிருந்து வந்த கண்ணாடியை ஈரம் காயாமல் வைத்து, நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை மீண்டும் மீண்டும் மாற்றி உப்பை இறக்க வேண்டும். மிகப் பழையது என்று தோன்றினால் அதையும் பழக்கமானவரிடம் விட்டுவிட வேண்டும்.

வயது தெரிவதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. வெங்காயப் போத்தலோ, அடியில் தொப்புளோடு கையால் ஊதிய கனத்த போத்தலோ கைக்கு வந்தால் அது அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கக்கூடும். விற்கவும் தேய்க்கவும் முன், எடுத்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. நீருக்கடியில் கண்டால் தொடாமல் விடுவது அதைவிட நல்லது.

பையனின் போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் நடுவிலிருந்து விலகிய பிசிறு வட்டம். கோடு உதட்டைக் கடந்தது. வாய் தகர மூடிக்கு உரியது. 1903க்குப் பின். “அப்படியானால் ஒல்லாந்தர் இல்லையா?” என்று முகம் வாடினான். இந்தத் துறைமுகத்தில் 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்தது என்றும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோதும் இங்கே மாலுமிகள் பியர் குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அது எங்கள் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீருக்குள் கிடக்கிறது. தண்ணீர் மாற்றுவது அவன் வேலை.